வில்லங்கச் சான்று சொல்லாதவை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

வீடு வாங்கப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் 'ஈ.சி. போட்டுப் பார்த்தீர்களா?' என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஈ.சி. என்பது வில்லங்கச் சான்று. பார்க்க வேண்டியதுதான். ஆனால் அதில் வில்லங்கம் ஏதுமில்லை என்று வந்துவிட்டால் அத்துடன் விசாரணை முடிந்தது என எண்ணி முன்பணம் கொடுப்பவர்களுக்காக இக்கடிதத்தை எழுதுகிறேன். அவர்களில் நானும் ஒருவன்.

தாம்பரம் பக்கம் ஒரு தனி வீட்டுக்கு முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று எடுத்தேன். ஒரு குறையும் இல்லை. மூலப்பத்திரத்தைக் கேட்டபோது உரிமையாளர், அது ஊரில் பீரோவில் இருக்கிறது, கிரயத்தன்று கொண்டு வருகிறேன் என்று சொல்லி நகலைக் கொடுத்தார். அந்த நகலின் முதல் பக்க மூலையில் யாரோ பேனாவால் எழுதிய ஓர் எண்ணும் தேதியும் சேர்ந்து நகலாகியிருந்தன. அவை என்ன என்று கேட்கத் தோன்றாமல் இரண்டு லட்சம் ரூபாய் கொடுத்துவிட்டேன். அந்த எண், அசல் பத்திரத்தை ஈடாக வாங்கிக்கொண்டு சென்னையில் வட்டிக்குப் பணம் கொடுத்த ஒருவர் தம் கணக்குக்காக இட்ட கடன் எண் என்பது மூன்று வாரம் கழித்தே தெரிந்தது. முன்பணத்தைத் திரும்பப் பெற நான்கு மாதம் ஆயிற்று.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, சென்னை போன்ற நகரங்களில் அசல் பத்திரத்தைக் கடன் கொடுப்பவரிடம் ஒப்படைத்தாலே அடமானம் ஆகிவிடும். அந்த அடமானத்துக்கென எழுத்து எதுவும் செய்துகொள்ளாவிட்டால் பதிவு செய்ய வேண்டிய கட்டாயமும் இல்லை. வங்கிகள் பெரும்பாலும் பதிவு செய்துவிடுவதால் அவற்றின் கடன் சான்றில் தெரிந்துவிடும். தனியாரிடம் பத்திரத்தை வைத்து வாங்கிய கடன் தெரியாது. சார்பதிவகத்தில் பதிவானதை மட்டுமே சொல்லக்கூடிய சான்று அது என்பதால் அதைக் குறை கூறிப் பயனில்லை.

உயிலும் அப்படித்தான். உயிலைப் பதிவு செய்வது விருப்பத்தைப் பொறுத்தது. பதிவு செய்தாலும் அது சார்பதிவகத்தின் வேறு பதிவுப் புத்தகத்தில் ஏறுவதால் சான்றில் வராது. பெயர் மாற்றாத பட்டாவில் இறந்துபோன தந்தையின் பெயரே இருந்து, மகன்கள் மட்டும் கையெழுத்திட முன்வருகிறார்கள் என்றால், வாரிசுச் சான்றிதழை வாங்கி அதில் மகள்கள் இருக்கிறார்களா என்று பார்ப்பது அவசியம். 'தங்கச்சி ஒன்றும் கேட்க மாட்டாள்' என்ற வாய்மொழியை நம்பிக் கிரயம் செய்தவர்கள் பின்னால் பாகப்பிரிவினை வழக்கில் பிரதிவாதிகளாக நிற்பதை நீதிமன்ற வராண்டாக்களில் காணலாம்.

சான்று கேட்கும்போதும் ஒரு கவனம் வேண்டும். சர்வே எண் உட்பிரிவு ஆகியிருந்தால் பழைய எண், புதிய எண் இரண்டுக்கும் விண்ணப்பிக்க வேண்டும். அந்தக் கிராமம் இடையில் வேறு சார்பதிவக எல்லைக்கு மாறியிருந்தால் முந்தைய அலுவலகப் பதிவுகளையும் தேட வேண்டும். இதை விட்டுவிட்டால், பதிவான கிரயமே கண்ணில் படாமல் போய்விடக்கூடும்.

வங்கிக் கடன் வாங்குபவர்களுக்கு வங்கியின் வழக்கறிஞர் அசலைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதால் ஓரளவு பாதுகாப்பு உண்டு. கைப்பணத்தில் வாங்குபவர்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார். விற்பவருக்கு வங்கிக் கடன் இருந்தால் அது ஒளிக்க வேண்டிய செய்தியன்று. நிலுவைத் தொகைக்கும், வங்கி வசமுள்ள பத்திரங்களின் பட்டியலுக்கும் கடிதம் வாங்கி வைத்துக்கொண்டால், வாங்குபவர் அந்தத் தொகையை வரைவோலையாக நேரே வங்கிக்கே செலுத்தி, அடமானத்தை ரத்து செய்யும் ரசீதைப் பதிவு செய்த பிறகு கிரயத்துக்குப் போகலாம்.

அசல் மூலப்பத்திரத்தைக் கையில் வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்க்கும் வரை ஒப்பந்தத்திலும் கையெழுத்திட வேண்டாம், டோக்கன் பணம் என்று பத்தாயிரம் ரூபாயும் கொடுக்க வேண்டாம் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
சென்னை.