அத்தைக்குத் தெரியாமல் ஒரு விருந்து

அஸ்தம்பட்டி,
சேலம்.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். உன் நலத்தையும் மாப்பிள்ளை, குழந்தை ஆகியோரின் நலத்தையும் அறிய ஆவல். வரும் மே 31-ஆம் தேதியோடு உன் அத்தை பணி நிறைவு பெறுகிறாள். அவளுக்குத் தெரியாமல் நாம் ஒரு விருந்து நடத்தலாம் என்று நீ தொலைபேசியில் சொன்னபோது, யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தேன். யோசித்துவிட்டேன். நடத்தியே ஆக வேண்டும். ஆனால் எங்கே, எப்படி, யாரை அழைத்து என்பதில் உன் எண்ணத்திலிருந்து நான் சில இடங்களில் வேறுபடுகிறேன். பேச்சில் எதுவும் விட்டுப்போகக் கூடாது என்பதால் எல்லாவற்றையும் கடிதமாகவே எழுதுகிறேன்.

இதை ரகசியமாகச் செய்ய வேண்டும் என்று நான் ஒப்புக்கொள்வது அவளைத் திகைக்க வைப்பதற்காக அல்ல. முன்கூட்டியே தெரிந்தால், தன் விருந்தின் வேலை முழுவதையும் அவளே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்துவிடுவாள் என்பதற்காகத்தான். நம் வீட்டு விசேஷம் எதிலாவது அத்தை முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு நீ பார்த்திருக்கிறாயா? உன் நிச்சயதார்த்தத்தை நினைத்துப் பார். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று சொல்லிப் பெரியவர்கள் அதைப் புதன்கிழமையில் வைத்தார்கள். கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கோ புதன்கிழமைதான் தடுப்பூசி நாள். அன்று காலையில் மலையில் ஊசி போட்டு, மீந்த மருந்தைத் திருப்பி ஒப்படைத்து, பதிவேட்டை எழுதி முடித்து, மாலைப் பேருந்தில் இறங்கி மண்டபத்துக்கு வந்தவள், உன் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்த கையோடு தாம்பூலப் பை போட உட்கார்ந்துவிட்டாள். அன்று எடுத்த புகைப்படங்களில் தேடிப் பார். அவள் இருக்கும் படத்திலும் கையில் ஒரு தட்டு இருக்கும். மலையில் வேலை பார்த்த காலம் முழுவதும் நம் குடும்பத்தில் புதன்கிழமை நடந்த எந்த நல்ல காரியத்துக்கும் அவளால் நேரத்துக்கு வர முடிந்ததில்லை.

நீ சிறுமியாக இருந்தபோது விடுமுறைக்கு ஏற்காட்டுக்குப் போய் அத்தை வீட்டில் கொய்யாப்பழம் தின்றதோடு சரி; அவள் வேலை எப்படிப்பட்டது என்று உனக்கு முழுதாகத் தெரிந்திருக்காது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்றால், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது அரசின் கணக்கு. எண்ணிக்கையைப் பார்த்தால் மலையில் வேலை குறைவு என்று தோன்றும். ஆனால் அந்த மக்கள் ஒரே ஊரில் இல்லை. காபித் தோட்டங்களுக்கும் சரிவுகளுக்கும் நடுவே சிறு சிறு ஊர்களாகச் சிதறிக் கிடக்கிறார்கள். தடுப்பு மருந்து 2 முதல் 8 டிகிரி வெப்பத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதால், ஐஸ் பொதிகள் வைத்த பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும். காசநோய்க்கும் தட்டம்மைக்கும் போடும் மருந்துகளைக் கரைத்த பிறகு நான்கு மணி நேரம்தான் பயன்படுத்தலாம். அதற்குள் குழந்தையைத் தூக்கிவர வேண்டிய தாய் காபிப் பழம் பறிக்கப் போய்விட்டாள் என்றால், இவள் தோட்டத்துக்கே போய் அந்தத் தாயைத் தேடிப்பிடிப்பாள். 1995-இல் போலியோ சொட்டு மருந்து முகாம்கள் தொடங்கிய பிறகு, முகாம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளும் அவளுக்கு இல்லாமல் போயின. இந்தியாவின் கடைசி போலியோ நோயாளி 2011 ஜனவரியில் கண்டறியப்பட்டதோடு அந்த நோய் நின்று, 2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தபோது, நாளிதழ்கள் பெரிய மனிதர்களின் படங்களை வெளியிட்டன. அந்தச் சான்றிதழில் உன் அத்தையின் கால் நடைக்கும் பங்கு உண்டு என்று நான் அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். சாலை போடப்படாத ஊர்களிலிருந்து கர்ப்பிணிகளைத் தூளி கட்டித் தூக்கி வந்த நாட்களில், அந்தத் தூளியோடு இரவில் நடந்தவளும் அவள்தான்.

அரசுப் பணியாளர்களின் ஓய்வு வயது 2020-இல் 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்த்தப்படாமல் இருந்திருந்தால், அவள் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வீட்டுக்கு வந்திருப்பாள். இந்த இரண்டு ஆண்டுகளில்தான் அவளுக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது. ஆகையால் படி ஏற வேண்டிய மாடி மண்டபம் எதையும் நீ பார்க்க வேண்டாம்.

சேலத்தில் ஒரு பெரிய ஓட்டலில் வைக்கலாம் என்றாய். எனக்கு அதில் சம்மதமில்லை. ஓட்டலில் அவள் விருந்தாளியாக இருப்பாளே தவிர இயல்பாக இருக்க மாட்டாள்; மலையிலிருந்து வர வேண்டியவர்களுக்கும் திரும்பிப் போகும் பேருந்தைப் பற்றிய கவலையே பெரிதாக இருக்கும். அதற்காக அவள் வேலை பார்க்கும் ஊரிலேயே வைத்தால் ரகசியம் ஒரு நாள்கூடத் தங்காது. ஏற்காடு டவுனில், ஏரிக்குப் பக்கத்தில், தரைத்தளத்திலேயே சிறிய கூடம் உள்ள ஒரு விடுதியைப் பார்த்து வைத்திருக்கிறேன். மே மாதம் வேண்டாம். கோடை விழாக் கூட்டத்தில் மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகள் நின்று நின்றுதான் ஏறும். ஜூன் இரண்டாவது ஞாயிறு என்று வைத்துக்கொள்வோம். உங்கள் சிங்கப்பூரில் அப்போது பள்ளி விடுமுறையும் இருக்கும். பிற்பகலில் மழை வரக்கூடும் என்பதால் பகல் பன்னிரண்டு மணிக்குப் பந்தி போட்டு, நான்கு மணிக்கு முன் எல்லோரையும் வண்டி ஏற்றிவிட வேண்டும்.

அடுத்து, அவளை அங்கே வரவழைப்பது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னால் ஓடிவந்துவிடுவார்கள் என்றாயே, அந்தப் பேச்சை இனி எடுக்காதே. பொய் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. வாழ்நாள் முழுவதும் அடுத்தவரின் நோய்க்கு ஓடியவளை, மகிழ்ச்சியான ஒரு நாளிலும் அதே பதற்றத்தோடு, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு ஓடிவரச் செய்வது எனக்குப் பொறுக்காது. பழைய புடவையில், கலைந்த தலையோடு அத்தனை பேர் முன்னால் வந்து நின்றால் அவள் மனம் எவ்வளவு கூசும் என்பதையும் நீ எண்ணிப் பார்க்க வேண்டும். அவள் நல்ல புடவை உடுத்தி வர வேண்டும்; சமைக்காமலும் வர வேண்டும். இரண்டுக்கும் பொருந்தும் காரணம் ஒன்று உண்டு. நீ குழந்தையோடு வந்திருக்கிறாய், சேர்வராயன் கோவிலில் கும்பிட வேண்டும், பிறகு ஏரிக்கரையில் வெளியே சாப்பிடலாம் என்று நீயே அழைத்துச் சொல். இதில் பொய்யே இல்லை. உண்மையாகவே முதலில் கோவிலுக்குப் போவோம். அந்தத் தாழ்ந்த குகைக்குள் குனிந்து போய், சேர்வராயனையும் காவேரியம்மனையும் வணங்கிவிட்டு, அங்கிருந்து நேராகக் கூடத்துக்கு அழைத்து வந்துவிடலாம்.

அழைப்புப் பட்டியலைச் சுருக்கமாக வைக்க வேண்டும். மலையில் ஓர் ஊரை அழைத்து அடுத்த ஊரை விட்டால் மனக்குறை வரும். எல்லா ஊரையும் அழைத்தால் அது அரசு விழாவாகிவிடும். கடைசி நாளன்று அலுவலகத்தில் பொன்னாடையும் மாலையும் உரைகளும் எப்படியும் நடக்கும். அதையே நாம் மீண்டும் நடத்த வேண்டியதில்லை. ஆகவே நம் குடும்பம், மாமா வீட்டார், இவர்களோடு அவளுடன் ஆண்டுக்கணக்கில் ஊர் ஊராக நடந்த அங்கன்வாடி அம்மா, அவளே பெண் போல வளர்த்துச் செவிலியர் படிப்புக்கு அனுப்பிய அந்த மலைப் பெண், இரவு பகல் பாராமல் ஜீப் ஓட்டிக் கொடுத்த தம்பி, இவர்கள் போதும். மேடை, ஒலிபெருக்கி எதுவும் வேண்டாம். யாராவது பேச விரும்பினால் சாப்பிட்டுக்கொண்டே பேசட்டும்.

சாப்பாட்டைப் பற்றி அம்மாவோடு பேசி முடிவு செய்துவிட்டேன். சாமைச் சோறு கட்டாயம் இருக்க வேண்டும். மலைக்குப் போன பிறகு அவள் விரும்பிப் பழகிய சோறு அது. மாம்பழக் காலம் என்பதால் மல்கோவாவும் இமாம் பசந்தும் கீழிருந்து வாங்கிப் போகலாம். தட்டுவடை செட் இல்லாமல் அவளுக்கு எந்த விருந்தும் விருந்தாகாது. சேலத்துக்கு எப்போது இறங்கினாலும் பேருந்து ஏறும் முன் அதைத்தான் தேடிப்போய்ச் சாப்பிடுவாள். ஆனால் அதைக் கட்டி எடுத்துப் போனால் வடை நமுத்துவிடும். ஆகையால் வடையைத் தனியாகக் காற்றுப் புகாத டப்பாவிலும், இரண்டு சட்னிகளையும் தனித்தனியாகவும் கொண்டுபோய், பீட்ரூட்டையும் கேரட்டையும் வெங்காயத்தையும் அங்கேயே துருவி நறுக்கி, அவள் கண் முன்னே அடுக்கித் தர வேண்டும். அந்த வேலை உன் பொறுப்பு. அவள் எழுந்து வந்து உதவ முயன்றால் தோளைப் பிடித்து உட்கார வை.

பரிசாகப் பணம் கொடுக்கலாம் என்று எழுதியிருந்தாய். 2003 ஏப்ரலுக்கு முன்பே பணியில் சேர்ந்தவள் என்பதால் பழைய திட்டத்தின்படி அவளுக்கு ஓய்வூதியம் உண்டு. பணத்தை எடுத்துக்கொள்ளவும் மாட்டாள். நான் நினைத்திருப்பது வேறு. திருமணத்தின்போது எங்கள் அம்மா அவளுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு செய்து போட்டார்கள். வேலையில் சேர்ந்து சில மாதங்களிலேயே, குழந்தை தூங்கும் வீட்டுக்குள் சத்தத்தோடு நுழைய முடியவில்லை, தோட்டத்துச் செடியிலும் மாட்டிக்கொள்கிறது என்று கழற்றி வைத்தவள், பிறகு போடவே இல்லை. பின்னால் ஒரு பணமுடையில் அது போய்விட்டது. அதே செவ்வாய்ப்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம், அந்தப் பழைய அமைப்பிலேயே, முத்து குறைவாக வைத்துச் செய்யச் சொல்லியிருக்கிறேன். இந்த வயதில் கொலுசா என்று அவள் கேட்பாள். உன் குழந்தையைக் கொண்டு போடச் சொல். அவனிடம் அவளால் மறுப்புச் சொல்ல முடியாது. மாமாவுக்கு வெண்பட்டு வேட்டி ஒன்று எடுத்துவிடலாம்.

மாமாவிடம் நாளையே விஷயத்தைச் சொல்லிவிடாதே. அவர் நல்லவர், ஆனால் மகிழ்ச்சியான செய்தியை மனைவியிடம் மறைக்கத் தெரியாதவர். முந்தைய நாள் மாலையில் நான் சொல்லிக்கொள்கிறேன். நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அத்தையும் இருக்கிறாள் என்பதை உன் தம்பிக்கும் நினைவூட்டு. இதற்கென்று தனிக் குழு தொடங்குங்கள்.

சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு வந்து இறங்கினால் நான் காரோடு வந்துவிடுவேன். நாமக்கல் வழியாக மூன்று மணி நேரத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். பயணச்சீட்டு எடுத்ததும் தேதியை என் எண்ணுக்கு மட்டும் அனுப்பு. அத்தை இங்கு வரும்போதெல்லாம் அம்மாவின் கைப்பேசியில் உன் குழந்தையின் படங்களைத்தான் முதலில் திறந்து பார்க்கிறாள்.

அன்புடன்,
அப்பா