அத்தை, நான் உங்களைத் தள்ளவில்லை

அன்புள்ள அத்தைக்கு,

போன வாரம் வளைகாப்பு வீட்டில், அலைக்குளத்தில் உங்கள் பல் செட் போன அந்தக் கதையை மறுபடியும் சொன்னீர்களாம். சாம்பாரில் ஆரம்பித்துப் பாயசம் வரும்வரை போனதாம். இது எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அலை ஓரடி உயர்கிறது, இந்தத் தடவை தென்னை மர உயரத்துக்கு வந்துவிட்டதாகக் கேள்வி. அதில் எனக்கு வருத்தமில்லை, கதையும் உங்களுடையது, பல்லும் உங்களுடையது. ஆனால் நடுவில் "இந்தத் தடிமாடு பின்னாலேர்ந்து ஒரே தள்ளு" என்று ஒரு வரி வருகிறதே, அந்தத் தடிமாடு நான். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் இப்போது என்னோடு மொட்டை மாடிக்கு வரவே யோசிக்கிறார்கள். "எழுதிக்கோடா, ஊருக்கே தெரியும், இனிமே என்ன" என்று நீங்கள்தான் சொன்னீர்கள், அதனால் எழுதுகிறேன்.

2018 மே மாதம். செல்வி கல்யாணம் முடிந்து மூன்று வாரம். ஈரோட்டிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள், எல்லாரும் சேர்ந்து எங்காவது போகலாம் என்றபோது நீங்கள் ஏகாம்பரநாதர் கோயில் என்றீர்கள், மாப்பிள்ளை தண்ணீர் விளையாட்டுப் பூங்கா என்றார். புது மாப்பிள்ளை பேச்சுக்கு மறுபேச்சு ஏது? ஒரு வேனில் பதினான்கு பேர்.

உள்ளே போனதுமே முதல் சண்டை உடுப்புக் கவுன்ட்டரில். பருத்திப் புடவையோடு குளத்தில் இறங்கக் கூடாது, நைலான் துணிதான் என்றான் அந்தப் பையன். பருத்தியிலிருந்து நூல் உதிர்ந்து ஃபில்டரை அடைக்கும், நனைந்தால் கனத்து ஆளையும் இழுக்கும் என்று நான் விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்போ நம்ம கோயில் குளத்துல இத்தனை வருஷமா என்ன ஃபில்டர்டா வெச்சிருந்தான்?" என்றீர்கள். அவனிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. கடைசியில் வாடகைக்கு எடுத்த கறுப்பு பேண்ட்டும் முழுக்கைச் சட்டையுமாக, தோளில் துண்டோடு வெளியே வந்தீர்கள். எதிரே சம்பந்தியம்மாவும் அதே உடுப்பில். ஒரே பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பிள்ளைகள் மாதிரி நின்றீர்கள், அந்தப் போட்டோ இன்னும் என்னிடம் இருக்கிறது.

இப்போது அலைக்குளம். யாரோ அடியில் மோட்டார் வைத்துத் தண்ணீரைக் கடைகிறார்கள் என்று நீங்கள் எல்லாரிடமும் சொல்வது சரியில்லை. குளத்தின் ஆழமான பக்கம் ஒரு பெரிய சுவர் இருந்ததல்லவா, அதற்குப் பின்னால் அறைகள். அறைக்குள் மின்விசிறி காற்றை அழுத்தி ஊதும், அதற்குள் இருக்கும் தண்ணீர் கீழே இறங்கி அடி வழியாகக் குளத்துக்குள் தள்ளப்படும், காற்றை விட்டால் தண்ணீர் திரும்ப ஏறும். வாளித் தண்ணீரில் சொம்பைக் கவிழ்த்து அமுக்கினால் சுற்றிலும் தண்ணீர் எழும்புமே, அதேதான். தரை கடற்கரை மாதிரிச் சரிவாக இருப்பதால் அலை மேடான பக்கம் வந்து உடைகிறது. இதை உங்கள் பல்லுக்காகக் கண்டுபிடிக்கவில்லை. 1927-லேயே புடாபெஸ்ட் நகரத்து கெல்லெர்ட் குளியலகத்தில் அலைக்குளம் கட்டிவிட்டார்கள்.

சைரன் ஊதியது. நீங்கள் கணுக்கால் தண்ணீரில்தான் நின்றிருந்தீர்கள். அங்கிருந்து இடுப்பளவுக்கு உங்களை யார் கொண்டுபோனது? சம்பந்தியம்மா பத்தடி முன்னால் போனார், நீங்கள் பதினைந்தடி போனீர்கள். அவ்வளவுதான். நான் உங்கள் கையைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றேன், பின்னால் அல்ல.

சரி, என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன், அதற்காகத்தான் இந்தக் கடிதமே. முதல் அலையில் நீங்கள் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றீர்கள். "நல்லா கத்துங்க அத்தை, இங்க யாரும் கேட்க மாட்டாங்க" என்று சொன்னது நான்தான். மூன்றாவது அலைக்கு "முருகா" என்று ஒரு குரல் கொடுத்தீர்கள் பாருங்கள், முருகனே திரும்பிப் பார்த்திருப்பார். அந்த "கா"வில் வாய் முழுசாகத் திறந்திருக்கும்போது அலை முகத்தில் அடித்தது. மேல் பல் செட் பசை போட்டு ஒட்டியிருப்பதில்லை, அண்ணத்துக்கும் அதற்கும் நடுவே மெல்லிசாக எச்சில் நின்று அதுவே பிடித்து வைக்கிறது, ஓரத்தில் தண்ணீர் புகுந்தால் பிடி விட்டுவிடும் என்று பிற்பாடு ஒரு பல் டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அக்ரிலிக் தண்ணீரைவிடக் கனம். மிதந்திருந்தால் அப்போதே பிடித்திருப்பேன்.

உங்களுக்குப் பல் செட் இருப்பதே எனக்குத் தெரியாது. மாமாவுக்கும் செல்விக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் அது. என் மணிக்கட்டில் உங்கள் நகம் பதிந்தது, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னீர்கள். என் காதில் "ஹல்லு" என்று விழுந்தது. பெங்களூரில் நாலு வருடம் குப்பை கொட்டியவன், கன்னடத்தில் பல்லுக்கு அதுதான் சொல். அத்தை ஏன் திடீரென்று கன்னடம் பேசுகிறார் என்று ஒரு நொடி யோசித்தேன், அப்புறம்தான் புரிந்தது.

தலையை உள்ளே விட்டுத் தேடப் போனால் லைஃப் கார்டு விசில் அடிக்கிறார், அலை ஓடும்போது முங்கக் கூடாதாம். அலை நின்றதும் காலால் துழாவினேன். ஒரு ஹேர் கிளிப், ஒரு இரண்டு ரூபாய், யாருடையதோ பிளாஸ்திரி. நூறு இருநூறு பேர் கால்களுக்கு நடுவே பல்லைத் தேடுவது என்பது... அதற்குள் அடுத்த சைரன்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் உங்கள் கதையில் வருவதே இல்லை, ஏனென்றால் அது உங்கள் முதுகுக்குப் பின்னால் நடந்தது. காலை பதினொன்றரையிலிருந்து நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. துண்டும் வாயுமாக மர நிழலில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டீர்கள். என்னிடம் கண்ணாலேயே சத்தியம் வாங்கியிருந்ததால் நானும் வாய் திறக்கவில்லை. எதற்கும் ஒரு கருத்து வைத்திருக்கும் நீங்கள் பேசாமல் உட்கார்ந்தால் மற்றவர்களுக்கு என்ன தோன்றும்? கோயிலுக்குப் போகாத கோபம் என்றார் சித்தப்பா. கறுப்பு உடுப்பு போடவைத்த கோபம் என்றாள் பாட்டி. மாப்பிள்ளைக்கு முகமே செத்துவிட்டது, தான் செய்த ஏற்பாடு என்று மூன்று தடவை தனித்தனியாக வந்து "அத்தை, ஏதாச்சும் வேணுமா?" என்று கேட்டார், நீங்கள் மூன்று தடவையும் கண்ணை மூடித் திறந்தீர்கள்.

சம்பந்தி அடிவாங்கியது இன்னும் பெரிசு. இரண்டு மணி வாக்கில் உங்கள் பெஞ்சுக்கு எதிரே வந்து நின்று, யாரும் கேட்காமலே, "சீர் விஷயத்துல எங்க பக்கம் ரெண்டு வார்த்தை கூடிப்போச்சுங்க, மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். கல்யாணத்துக்கு முன்னால் ஆறு மாதமாக மாமா எவ்வளவோ பேசியும் வராத வார்த்தை. நீங்கள் துண்டுக்கு மேலே அவரை ஒரு பார்வை பார்த்து, மெதுவாகத் தலையை ஆட்டினீர்கள். ராணி மங்கம்மாள்கூட அப்படி ஆட்டியிருக்க மாட்டார். (சம்பந்தி இதைப் படிப்பார், தெரியும். ஏழு வருடமாகிவிட்டது மாமா, போனால் போகட்டும்.) நம் மாமாவோ அன்றைக்குத்தான் வாழ்க்கையில் நிம்மதியாக இரண்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டார், சர்க்கரையைப் பற்றிச் சொல்ல ஆளில்லை.

சாப்பாட்டில் பரோட்டாவும் கோபி மஞ்சூரியனும். இதை எப்படி மெல்வீர்கள் என்று நான் பதறிக்கொண்டிருக்கும்போது சம்பந்தியம்மா ஒரு கப்பில் தயிர் சாதத்தைக் கூழாகக் கரைத்துக் கொண்டுவந்து, "வெயில் ஒத்துக்கல போல, இதைக் குடிங்க" என்று வைத்துவிட்டுப் போனார். நல்ல நேரம் என்று நினைத்தேன். அவ்வளவு மட்டும் நினைத்த என்னைச் சொல்லணும்.

மூன்று மணிக்கு லைஃப் கார்டுகளின் மேஸ்திரி மாதிரி இருந்த ஒருவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று தயாராகப் போயிருந்தேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு நீள நோட்டை எடுத்து, "கொலுசு 1", "கண்ணாடி (பவர்) 1" என்று எழுதியிருந்ததற்குக் கீழே "பல் செட், மேல்" என்று எழுதிக்கொண்டார். இந்த மாதத்தில் இது இரண்டாவதாம். கனமான சாமான் எல்லாம் சரிவில் இறங்கி ஆழமான பக்கத்துக் கம்பிச் சட்டத்தோரம் போய்த்தான் நிற்கும், சாயங்காலம் ஆள் ஏறினதும் பார்க்கலாம் என்றார்.

பார்த்தார்கள். ஐந்தரைக்குக் குளம் காலியானதும் நீச்சல் கண்ணாடி மாட்டிய ஒரு பையன் இரண்டு முங்கு முங்கினான், மூன்றாவதில் கையை உயர்த்தினான். கரையேறினதும் ஒரு டீ கப்பில் போட்டு, மேலே இன்னொரு கப்பைக் கவிழ்த்து மூடி, பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தான். "குளோரின் சார், நல்லா கழுவிட்டுப் போடச் சொல்லுங்க" என்றான். இருநூறு ரூபாய் கொடுத்தேன். அந்த இருநூறை நீங்கள் இன்னும் தரவில்லை, அது வேறு கணக்கு.

பாத்ரூமுக்குப் போய்விட்டு வந்து "கிளம்பலாமா?" என்றீர்கள். பதினான்கு பேர் வேனிலும் பெருமூச்சு. ஆறு மணி நேரத்துப் பேச்சையும் சேர்த்து வீடு வரை பேசினீர்கள், ஃபில்டர் உட்பட.

இரண்டு வருடம் கழித்துப் பேரனுக்குப் பேர் வைத்த அன்று சமையல்கட்டில் சம்பந்தியம்மா உங்கள் காதில் சொன்னது எனக்கும் கேட்டது. "எனக்கும் கீழ நாலு பல் செட்டுதாங்க. குளத்துல இறங்கறதுக்கு முன்னாடியே கழட்டி லாக்கர்ல வெச்சிட்டேன். நீங்க துண்டை எடுத்தப்பவே தெரிஞ்சுபோச்சு." அன்றைக்கு ஆரம்பித்ததுதான் நீங்கள் இந்தக் கதையை ஊர் ஊராகச் சொல்வது, இல்லையா?

சொல்லுங்கள், நிறுத்த வேண்டாம். அலையைப் பனைமர உயரத்துக்குக்கூட ஏற்றிக்கொள்ளுங்கள். "தள்ளினான்" என்கிற இடத்தில் மட்டும் "கத்தச் சொன்னான்" என்று மாற்றிக்கொள்ளுங்கள், போதும்.

அரைப்பரீட்சை லீவில் பேரன் அலைக்குளம் போகணும் என்று அடம்பிடிக்கிறானாம், செல்வி டிக்கெட் எடுக்கச் சொல்லியிருக்கிறாள். உங்களுக்கும் சேர்த்துத்தான். மெடிக்கலில் பல் செட் வைக்கிற டப்பா கிடைக்கிறது, மூடி நன்றாக இறுகுகிறது, இரண்டாக வாங்கிவிட்டேன். நீலம் உங்களுக்கு, ரோஸ் சம்பந்தியம்மாவுக்கு. நிறம் பிடிக்காவிட்டால் இருவரும் பேசி மாற்றிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தள்ளாத உங்கள் மருமகன்