போக்கும் வரத்தும்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

நான் நன்றாக இருக்கிறேன். மூன்று நாளாக நம் நீலகிரியில், கேத்தியில் உறைபனி. காலையில் கதவைத் திறந்தால் கேரட் பாத்தி முழுக்க வெள்ளை. வெயில் ஏறிய பிறகுதான் பச்சை தெரிகிறது. 'சாம்பலைப்போல உறைந்த பனியைத் தூவுகிறார்' என்று பைபிளில் 147ஆம் சங்கீதத்தில் வருமே, சின்ன வயசில் அதைச் சொல்லிக்கொண்டே வாசற்படியில் விரலால் பனியைச் சுரண்டுவாய். அடுத்த வசனத்தை உன் அம்மா சொல்வாள்: 'அவருடைய குளிருக்கு முன்பாக நிற்பவன் யார்?' சொல்லிவிட்டு ஸ்வெட்டரைத் தலைவழியாக மாட்டிவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது மனசை விட்டுப் போகவில்லை. ஆறு வாரம் அங்கே ஆஸ்பத்திரியில் நீ பார்த்துக்கொண்ட அந்தப் பெரியவர் உன் டூட்டியில் இறந்துபோனதையும், அதற்கப்புறம் ஜெபம் பண்ண உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை என்பதையும் சொன்னாய். "வந்தாலும் பொய் சொல்ற மாதிரி இருக்குப்பா" என்றாய். நான் "சரி, கர்த்தர் பார்த்துக்குவார்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். அப்படிச் செய்திருக்கக் கூடாது. போனில் என் குரல் உடைந்துவிடும் என்று பயந்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அம்மா போன பிறகு ஏழு மாதம் நான் ஜெபிக்கவில்லை. கோயிலுக்குப் போனேன், பாட்டுப் பாடினேன், காணிக்கை போட்டேன். வீட்டுக்கு வந்து முழங்கால் போட்டால் வாய் பூட்டிக்கொள்ளும். பாதிரியார் ஐயரிடம்கூடச் சொல்லவில்லை. அப்போதும் தினம் ஒரு சங்கீதம் வாசிக்கிற பழக்கம் மட்டும் விட்டுப்போகவில்லை. அது பக்தி இல்லை பாப்பா, பல் தேய்ப்பதுபோல ஒரு பழக்கம். அப்படி ஒருநாள் 88 வந்தது.

அதை நீ எடுத்துப் பார். சங்கீதக்காரர்கள் எவ்வளவு அழுதாலும் பெரும்பாலும் கடைசியில் 'ஆனாலும் உம்மை நம்புவேன்' என்று ஒரு வரியாவது சொல்லி முடிப்பார்கள். 13ஆம் சங்கீதம் 'எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்' என்று தொடங்கினாலும் பாட்டில்தான் முடிகிறது. 88 அப்படித் திரும்புவதே இல்லை. சிநேகிதனையும் தோழனையும் தூரமாக விலக்கிவிட்டீர், தெரிந்தவர்கள் மறைந்துபோனார்கள் என்று இருட்டிலேயே நின்றுவிடுகிறது. நான் அடுத்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், மீதி அங்கே இருக்குமோ என்று. அங்கே 89 இருந்தது.

அன்றைக்கு வேதப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். இதையும் ஜெபம் என்று சேர்த்து வைத்திருக்கிறார்களே, 150 சங்கீதத்தில் இதை யாரும் கிழித்துப் போடவில்லையே என்று தோன்றியது. அப்புறம் முதல் வசனத்தைச் சத்தமாக வாசித்தேன். 'இரவும் பகலும் உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்.' ஏழு மாதத்துக்குப் பிறகு என் வாயிலிருந்து வந்த முதல் ஜெபம் அதுதான். வார்த்தை என்னுடையது இல்லை. ஆனால் அதில் பொய் இல்லை.

ஜெபம் என்றால் சொந்த வார்த்தையில், மனசு பொங்கி, கண்ணீரோடு வரவேண்டும் என்று நம்மைப் பழக்கிவிட்டார்கள். பொங்குகிற நாளில் அது நல்லதுதான். வறண்ட நாளில் என்ன செய்வது? ஆண்டவரே சிலுவையில் தொங்கியபோது புதிதாக வார்த்தை தேடவில்லை. 'என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்' என்பது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. உயிர் விடும்போது சொன்ன 'உமது கையில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்' என்பது 31ஆம் சங்கீதம். அவருக்கே மனப்பாட வசனம் போதுமானதாக இருந்தது பாப்பா.

எல்லாச் சங்கீதமும் எனக்கு எளிதாக வருகிறது என்று நினைக்காதே. எதிரியின் குழந்தைகளைக் கல்லில் மோதுகிறவனை வாழ்த்துகிற 137இன் கடைசி வசனத்தை இன்றைக்கும் என்னால் சத்தமாக வாசிக்க முடிவதில்லை. அவ்வளவு கோபத்தையும் மறைக்காமல் அவர் முன்னால் கொட்டியிருக்கிறார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நமக்குப் பக்கத்துக் கன்னியர் மடத்துச் சிஸ்டரை உனக்கு ஞாபகம் இருக்கும், கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுத்தனுப்புவாரே. அவரிடம் ஒருநாள் இதைப் பேசினேன். ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் என்கிற துறவி எழுதிய மடத்து ஒழுங்கில், 150ஐயும் வாரத்துக்கு ஒருமுறை சொல்லி முடிக்கும்படி பங்கிட்டு வைத்திருக்கிறாராம். சிரிக்கிற நாளில் புலம்பல் சங்கீதம் வரும், அழுகிற நாளில் துதி வரும். "அன்னைக்கு நமக்குப் பொருந்தலேன்னாலும், எங்கேயோ ஒருத்தருக்குப் பொருந்தும். அவங்களுக்காகச் சொல்றோம்" என்றார் சிஸ்டர். அதை நான் அதுவரை யோசித்ததில்லை.

121ஐப் பற்றி ஒரு விஷயமும் அவரிடமிருந்துதான் தெரிந்தது. 'எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்' என்று நாம் படிக்கிறோம். ஒத்தாசை மலையிலிருந்தே வருகிற மாதிரி இருக்கிறது இல்லையா? கத்தோலிக்கரான அவர்கள் சங்கீதத்தைத் திருப்பாடல் என்பார்கள்; அந்தப் புத்தகத்தில் அது கேள்வி. மலைகளைப் பார்க்கிறேன், எங்கிருந்து எனக்கு உதவி வரும்? எபிரெயத்திலும் அப்படிக் கேள்வியாகத்தான் படிக்கிறார்களாம். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. 26 வருஷம் மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் நடுவே பஸ் ஓட்டினவனுக்கு அந்தக் கேள்விக்குறி புரியும். மலை காப்பாற்றாது. 2009 நவம்பர் மழையில் இந்த மலைதான் சரிந்து 40 பேருக்கு மேல் செத்தார்கள். அந்த ராத்திரிகளில் ஒன்றில் காட்டேரிக்குக் கீழே முன்னும் மண், பின்னும் மண். பஸ்ஸில் முப்பத்துச் சொச்சம் பேர். யாரும் தூங்கவில்லை. ஒரு படுக அம்மா பையிலிருந்த பொரியை எல்லாருக்கும் கொடுத்தார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி 'உன்னைக் காக்கிறவர் உறங்கார்' என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். விடிகிறவரை வேறு ஒரு வார்த்தையும் வரவில்லை.

120 முதல் 134 வரை பதினைந்துக்கும் ஆரோகண சங்கீதம் என்று தலைப்பு இருக்கும். ஆரோகணம் என்றால் ஏறுவது. எருசலேம் கிட்டத்தட்ட 750 மீட்டர் உயரத்தில் இருக்கிற மலை ஊர். பண்டிகைக்கு ஏறிப்போகிறவர்கள் பாடியவை என்று சொல்வார்கள். கல்லாறு தாண்டி 14 கொண்டை ஊசி வளைவிலும் இரண்டாவது கியரில் ஏறும்போது நானும் அவற்றைத்தான் முணுமுணுப்பேன். 121இன் கடைசி வசனம், 'கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் இதுமுதற்கொண்டு என்றைக்குங் காப்பார்.' போக்கும் வரத்தும்! என் சட்டையில் போக்குவரத்துக் கழகம் என்று எழுதியிருந்த அத்தனை வருஷமும் அந்த வசனம் எனக்கென்றே எழுதினதாக நினைத்துக்கொள்வேன். இப்போது நீ ஆஸ்பத்திரிக்குப் போகிறதற்கும் வருகிறதற்கும் அதைக் கொடுத்துவிட்டேன்.

நீ புதிதாக எதுவும் தொடங்க வேண்டாம். டூட்டிக்குப் போகிற பஸ்ஸில் 121 சொல். மனசு ஒட்டவில்லை என்றாலும் சொல், உதடு அசைந்தால் போதும். அந்தப் பெரியவர் ஞாபகம் வந்தால் 88ஐ எடு, அவருக்காகவும் சொல்லு. காலையில் வந்து திரையை இழுத்துவிட்டுப் படுக்கும்போது நாலாம் சங்கீதத்தின் கடைசி வசனம், சின்ன வயசில் அம்மா சொல்லித்தந்தது: 'சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்.' தூக்கம் வராவிட்டாலும் பரவாயில்லை.

ஆரோகணத்தில் கடைசியானது 134. அது யாருக்கு எழுதினது தெரியுமா? 'இராக்காலங்களில் கர்த்தருடைய ஆலயத்தில் நிற்கும்' ஊழியக்காரருக்கு. நைட் டூட்டிக்காரர்களுக்கு ஒரு சங்கீதம் இருக்கிறது பாப்பா. மூன்றே வசனம்.

பஸ்ஸை விட்டு இத்தனை வருஷமாகியும் எனக்கு நாலரைக்கு முழிப்பு வந்துவிடுகிறது. அயர்லாந்தில் அப்போது ராத்திரி பதினொன்று, நீ வார்டில் நிற்கிற நேரம். அடுப்பில் வெந்நீர் வைத்துவிட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, 134ஐ உன் பெயரைச் சேர்த்துச் சொல்கிறேன். உனக்கு நேரம் கிடைக்கிற நாளில் நீயும் அங்கிருந்து சொல்லு.

பார்சலில் இரண்டு ஜோடி கம்பளிக் காலுறையும் வர்க்கியும் வைத்திருக்கிறேன். வர்க்கி நொறுங்காமல் வந்ததா என்று எழுது.

அன்புடன்,
அப்பா