டெல்லியின் வை டரட்

ஆக்லாந்து,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மாடசாமி,

மூட்டுவலி தேவலையா? தைலத்தை நிறுத்திவிடாதே. நான் மகள் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. பேத்தி என்னை ஒரு நிமிஷம் உட்கார விடுவதில்லை. இங்கே குளிர் தாங்கவில்லை, காபியும் சரியில்லை. அதெல்லாம் இருக்கட்டும்.

போன சனிக்கிழமை மருமகன் படகில் டெவன்போர்ட் கூட்டிப்போனார். அங்கே கடற்படைத் தளத்தின் வாசல் பக்கம் என்ன நிற்கிறது தெரியுமா? நாம் வேலை பார்த்த 'டெல்லி' போர்க்கப்பலின் பின்பக்க டரட், அதான் அந்தச் சுழலும் பீரங்கிக் கூண்டு! நீயும் நானும் வெயிலில் குந்திக்கொண்டு துரு சுரண்டினோமே, அதே 6 அங்குல இரட்டைப் பீரங்கி. 1978இல் பம்பாயில் கப்பலுக்கு ஓய்வு கொடுத்தபோது, நம் அரசு இதை நியூசிலாந்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்திருக்கிறது. கப்பலின் மற்ற பகுதி பெரும்பாலும் பழைய இரும்பாகப் போய்விட்டது.

அவர்களுக்கு அது டெல்லி இல்லை, 'அக்கிலிஸ்'. நம்மிடம் வருமுன் கப்பலுக்கு அதுதான் பெயர். 1939 டிசம்பர் 13 அன்று, தென் அமெரிக்காவில் பிளேட் நதி முகத்துவாரத்துக்கு வெளியே, எக்ஸெட்டர், அஜாக்ஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களோடு சேர்ந்து ஜெர்மனியின் போர்க்கப்பல் கிராஃப் ஸ்பீயை மறித்த கப்பல். மாலுமிகளில் பாதிக்கு மேல் நியூசிலாந்துப் பையன்கள். நாம் தூக்கிப் பழகிய குண்டு 50 கிலோதானே? அதற்கே இடுப்பு ஒடியும். கிராஃப் ஸ்பீ சுட்டது 300 கிலோ. அப்படி ஒரு குண்டு பக்கத்துத் தண்ணீரில் விழுந்து வெடித்ததில் சிதறல் பாய்ந்து அக்கிலிஸில் நான்கு பேர் போய்விட்டார்கள். அதன் கேப்டன் பாரிக்குக் காலில் காயம். ஆனாலும் விடவில்லை. துரத்திக்கொண்டே போய் கிராஃப் ஸ்பீயை மான்டிவிடியோ துறைமுகத்துக்குள் ஒதுங்க வைத்துவிட்டார்கள். நான்காம் நாள் கிராஃப் ஸ்பீயின் கேப்டன் லாங்ஸ்டார்ஃப் தன் கப்பலைத் தானே வெடிவைத்து மூழ்கடித்தார்.

இப்போது உன் பழைய கேள்விக்கு வருகிறேன். கப்பலில் முன்னால் ஏ, பி என்று இரண்டு டரட். பின்னால் வை மட்டும். "நடுவில் எக்ஸ் எங்கே?" என்று நீ கேட்டாய். பெட்டி ஆபீசர் பதில் சொல்லாமல் உனக்குக் கூடுதல் டூட்டி போட்டார், ஞாபகம் இருக்கிறதா? பதில் இதுதான்: 1943 ஜனவரி 5, பசிபிக்கில் குவாடல்கனால் தீவுப் பக்கம் ஜப்பானிய விமானம் போட்ட குண்டு நேராக எக்ஸ் டரட்டின் மேலேயே விழுந்தது. 13 பேர் இறந்தார்கள். இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்ப் பழுது பார்த்தபோது அந்த டரட்டையே எடுத்துவிட்டு விமான எதிர்ப்புப் பீரங்கிகளை வைத்தார்கள். போர்ட்ஸ்மவுத்தில் அந்த வேலை நடக்கும்போதே ஒரு வெடிவிபத்து, அதில் பட்டறைத் தொழிலாளர்கள் 14 பேர் இறந்தார்கள். நாம் துண்டு விரித்துப் படுத்துக் கதை பேசியது அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான்.

1948 ஜூலையில் அக்கிலிஸ் நம் கைக்கு வந்து டெல்லி ஆனது. அப்போது கப்பலில் கேப்டனுக்கு அடுத்த அதிகாரி நம்ம செங்கல்பட்டில் பிறந்த கட்டாரி. பத்து வருஷம் கழித்து அவர்தான் இந்தியக் கடற்படையின் முதல் இந்தியத் தலைவர். இன்னொன்றைக் கேள். காலில் அடிபட்ட பாரி இருந்தாரே, அதே 1948இல் நம் கடற்படைக்கே தலைவராக வந்தார்! ஆக, அவர் காயம்பட்டு நின்ற கப்பல்தான் அவருக்கே கொடிக்கப்பல். 1956இல் வெளிவந்த, அந்தப் போரைப் பற்றிய ஆங்கிலப் படத்தில் அக்கிலிஸ் வேஷம் போட்டதும் டெல்லிதான். தன் வேஷத்தைத் தானே கட்டிய கப்பல்! 1961இல் டையூவில் போர்ச்சுகீசியர் மேல் சுட்டதைத்தான் நமக்கு நூறு தடவை சொன்னார்கள், இதில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அதில்தான் கோபம்.

கிட்டப் போய் ஓரத்தில் கை வைத்துப் பார்த்தேன். பெயிண்ட் மேல் பெயிண்டாகத் தடித்துப் போயிருக்கிறது. அடியில் எங்கேயாவது நாம் அடித்ததும் இருக்கும். மருமகன் போட்டோ எடுத்தார், அனுப்புகிறேன்.

ஒரு சந்தேகம். உன் இடது கட்டைவிரல் நசுங்கியது எந்த டரட்டில்? வை என்றுதான் எனக்கு ஞாபகம். பேத்தியிடம் அப்படியே சொல்லிவிட்டேன். தப்பென்றால் உடனே எழுது.

அன்புடன்,
ஜோசப்