பத்தே நாளில் பரண் ஏறும் புல்லாங்குழல்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முழுப் பரீட்சை முடிந்ததும் வேலூர், காட்பாடி, சத்துவாச்சாரி பக்கமெல்லாம் கோடைகால இசை வகுப்புத் தட்டிகள் முளைத்துவிடும். கீபோர்டைவிட விலை குறைவு என்று பிள்ளையைப் புல்லாங்குழலில் சேர்க்கிற பெற்றோர் நிறைய. பத்து நாள் கழித்து, "இவனுக்குத் தம் பத்தலைங்க" என்று சொல்லிக் குழலைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். தம் பத்தாது என்பது வீண் பேச்சு. எட்டு வயதுப் பிள்ளையின் மூச்சே குழலில் ஒரு ஸ்வரம் பிடிக்கத் தாராளம். கோளாறு உதட்டில் இருக்கும், அல்லது மூங்கிலில் இருக்கும். பல இடங்களில் சொல்லிக்கொடுக்கிற வரிசையிலேயே இருக்கிறது.

விறகடுப்பு ஊதும் ஊதாங்குழலை நினைத்துப் பாருங்கள். கன்னத்தை உப்பிக் காற்றை உள்ளே தள்ளுகிறோம். புல்லாங்குழலிலும் பிள்ளைகள் இதையேதான் செய்கிறார்கள். 'புஸ்' என்ற இரைச்சல் மட்டும் வருகிறது. இதில் காற்றைத் துளைக்குள் தள்ளக் கூடாது. மெல்லிய பட்டையாக ஊதி, துளையின் எதிர் விளிம்பில் மோதவிட வேண்டும். மோதிய காற்று உள்ளே ஒரு கணம், வெளியே ஒரு கணம் என்று மாறி மாறித் தாவும். அந்தத் தாவல்தான் குழலுக்குள் இருக்கும் காற்றை அதிரவைக்கிறது. பலமாக ஊதுவதைவிட, குறி தவறாமல் ஊதுவதே முக்கியம்.

ஆகவே முதல் நாள் கையில் குழலே வேண்டாம். உள்ளங்கையை வாய்க்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து, சூடான ரசத்தை ஆற்றுவதுபோல ஊதட்டும். சில்லென்று ஒரே இடத்தில் காற்றுப் பட வேண்டும். கீழ்த்தாடையை லேசாக முன்னே தள்ளினால் அந்த இடம் விரல் நுனிக்கு ஏறும், உள்ளே இழுத்தால் மணிக்கட்டுக்கு இறங்கும். இது வசப்பட்டதும் காலி மருந்துப் பாட்டிலின் வாயில் ஊதிப் பார்க்கலாம். பாட்டில் கூவிவிட்டால் குழலும் கூவும்.

அடுத்தது குழல். வாய் வைத்து ஊதும் முத்திரைத் துளையின் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கைக் கீழுதடு மூடியிருக்கட்டும். உதடுகளுக்கு நடுவே அரிசிமணி அளவு திறப்பு போதும். விரல்களை எந்தத் துளையிலும் வைக்காமல், ஊதிக்கொண்டே குழலைத் தன் பக்கமும் வெளிப்பக்கமும் மெதுவாக உருட்ட வேண்டும். இரைச்சல் ஸ்வரமாக மாறுகிற இடத்தில் நிறுத்தி, அந்த இடத்தை உதடு மனப்பாடம் செய்யும்வரை எடுத்து எடுத்து வைத்துப் பழக வேண்டும். சில பிள்ளைகளுக்குப் பத்து நிமிடத்தில் வரும், சிலருக்கு மூன்று நாள் பிடிக்கும். சீக்கிரம் வந்தவரே நன்றாக வாசிப்பார் என்று எந்தக் கணக்கும் இல்லை.

விரல் வைத்ததும் சத்தம் போய்விடுகிறதா? ஏதோ ஒரு துளை சரியாக மூடவில்லை. விரல் நுனியால் குத்தாமல் சதைப்பகுதியால் மூட வேண்டும்; மேலிருந்து ஒன்று, சத்தம் நிலைத்ததும் இரண்டு, பிறகு மூன்று. நம் குழலில் 8 விரல் துளைகள் இருந்தாலும் கடைசித் துளையை வழக்கமாக மூடுவதில்லை. 'கீச்'சென்று மேல் ஸ்தாயிக்குத் தாவினால் காற்றின் வேகம் அதிகம் என்று பொருள். தலை சுற்றினால் பெற்றோர் பயந்துவிடுகிறார்கள். மூச்சு குறைந்து அது வருவதில்லை. விடாமல் மூச்சை இறைப்பதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து வருவது. உட்கார்ந்து இரண்டு நிமிடம் இயல்பாக மூச்சுவிட்டால் அடங்கும். ஒரு மணி நேரம் ஒரே மூச்சாகப் பழகுவதைவிட, ஐந்து ஐந்து நிமிடமாக நாளைக்கு நான்கு வேளை ஊதுவதில் பலன் அதிகம். இளைப்பு உள்ள பிள்ளையானால் முதலில் டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது.

திருவிழாக் கடையில் வாங்கிய குழலை வகுப்புக்குக் கொடுத்தனுப்பாதீர்கள். அதில் பல, துளைகளின் இடைவெளி எந்த ஸ்வரத்துக்கும் பொருந்தாமல் சுட்டுப் போட்டவை. ஊதும் துளையின் விளிம்பும் கருகிப் பிசிறு தட்டியிருக்கும். சோதனை சுலபம்: ஆசிரியர் ஊதியும் வரவில்லை என்றால் குழலில் குற்றம். சின்னக் கைக்கு 5 அல்லது 5½ கட்டைச் சுருதியுள்ள குட்டைக் குழல் ஏற்றது. "கச்சேரிக் குழல்" என்று யாராவது நீளமான 2½ கட்டைக் குழலைத் தலையில் கட்டினால் விரல் எட்டாது.

நாதஸ்வரம் கற்க வரும் பிள்ளைகளிடம் வேறு விதமான தவறு. எடுத்ததுமே முழு வாத்தியத்தையும் தூக்கிக் கொடுத்துவிடுகிறோம். சத்தம் பிறப்பது வாயில் வைத்து ஊதும் சீவாளியில்; உலவு என்ற உடற்குழலும் அணைசு என்ற அடிப்புறப் புனலும் பிறகுதான். கொறுக்கை நாணலில் செய்த சீவாளியைச் சில நிமிடம் ஈரத்தில் ஊறவைத்து, கெண்டை என்ற சிறு உலோகக் குழாயில் செருகி, அதை மட்டும் ஊத வேண்டும். உதடுகள் பல்லை மூடிச் சீவாளியைச் சுற்றிப் பிடிக்கட்டும், கடிக்கக் கூடாது. ஒரே சீராகப் 'பீ' என்று நின்றால் வாத்தியத்தில் பொருத்தலாம். வெறும் காற்று வந்தால் சீவாளி காய்ந்திருக்கிறது, அல்லது அதன் வாய் அதிகம் விரிந்திருக்கிறது. காற்றே போகாவிட்டால் சீவாளியின் வாய் ஒட்டிக்கொண்டது. இரு ஓரங்களையும் லேசாக அழுத்தித் திறக்க வேண்டும். கிறீச்சிட்டால் பெரும்பாலும் பல் படுகிறது. புதுச் சீவாளி விறைப்பாக இருக்கும். ஆசிரியர் சில நாள் ஊதிப் பதப்படுத்தியதை நன்றாகக் கழுவிக் காயவைத்துத் தருவதுதான் முறை. பிள்ளைகள் ஒருவர் சீவாளியை ஒருவர் வாங்கி ஊதும் பழக்கம் மட்டும் கூடவே கூடாது. வகுப்பில் ஒரு பிள்ளைக்குச் சளி பிடித்தால் எல்லாருக்கும் வந்துவிடும்.

இன்னொன்று, நீளமான பாரி நாதஸ்வரத்தில் துளைகள் தள்ளித் தள்ளி இருக்கும். சிறுவருக்குக் குட்டையான திமிரியே கைக்கு அடங்கும். (ஆற்காட்டுப் பக்கம் "திமிரி வாங்கணும்" என்றால் திமிரி என்ற ஊரில் நிலம் வாங்கப் போவதாக நினைத்துவிடுவார்கள், கவனம்.) ஊதிப் பழக அக்கம்பக்கத்தார் தொல்லை என்றால் விடியற்காலைப் பாலாற்று மணல் இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் ஓடாததால் நமக்குக் கிடைத்த ஒரே வசதி அது.

பேண்டு வாத்திய டிரம்பெட்டில் அதிர வேண்டியது உதடே. பஸ் ஓட்டி விளையாடும் குழந்தை 'ப்ர்ர்ர்' என்று உதட்டைச் சிலுப்புமே, அதேதான். முதலில் வெறும் உதட்டில், பிறகு வாய்க்குமிழில், கடைசியில் முழுக் கருவியில். குமிழை உதட்டில் அழுத்தி அழுத்தி ஊதுபவர்களுக்கு ரத்த ஓட்டம் தடைப்பட்டு உதடு சீக்கிரம் மரத்துவிடும். கிளாரினெட்டுக்கு 1½ அல்லது 2 எண் கொண்ட மெல்லிய ரீடில் (ஊதும் நாணல் பட்டையில்) தொடங்கினால் போதும்.

நம் ஊர் வெயிலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் குழலைப் பைக் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போனால் மூங்கில் விரிசல் விட்டுவிடும். விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். நேற்று வரை ஊதிய பிள்ளை இன்று திணறும், பழி பிள்ளைமேல் விழும். மூங்கிலை அங்கங்கே நூலால் இறுகச் சுற்றி வைப்பதும், உட்புறம் எப்போதாவது லேசாகத் தேங்காய் எண்ணெய் தடவுவதும் காப்பு. ஊதும் துளையின் விளிம்பில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு ஏறக் கூடாது. சுருதியும் சூட்டுக்கு அசையும். குழலுக்குள் காற்று 10 டிகிரி சூடேறினால் அரைக் கட்டையில் கால்பங்குக்கு மேல் சுருதி ஏறிவிடும். ஏலகிரியில் காலையில் சுருதிப் பெட்டியோடு சேர்ந்த குழல், வேலூர் உச்சிவெயிலில் சேராதது பிள்ளையின் குற்றமல்ல.

வகுப்பு நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். நிறைவு விழாவில் பெற்றோருக்குப் பாட்டு வாசித்துக் காட்ட வேண்டும் என்ற அவசரத்தில் இரண்டாம் நாளே ஸரிகமவுக்குப் போய்விடாதீர்கள். முதல் வாரம் முழுக்க விரல் வைக்காத ஒற்றை ஸ்வரமாகவே போகட்டும். தட்டியில் கட்டணத்தோடு, ஒரு வகுப்புக்கு எத்தனை பிள்ளைகள் என்பதையும் எழுதுங்கள். முப்பது பேர் ஒரே அறையில் சேர்ந்து ஊதினால் எந்த இரைச்சல் எந்தப் பிள்ளையுடையது என்று ஆசிரியருக்கே கேட்காது.

இப்படிக்கு,
குழல், நாதஸ்வர ஆசிரியர்கள் சிலர்,
வேலூர்.