மதிப்பு என்றொரு கட்டம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வெளிநாட்டுப் படிப்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். விசா, கல்விக்கடன், பகுதிநேர வேலை பற்றிய தகவல்கள் பலருக்கும் உபயோகப்படும். ஆனால் கடைசியில் ‘தவிர்க்க வேண்டியவை’ என்று ஒரு பட்டியல் போட்டு, அதில் ஆப்பிரிக்கானா ஸ்டடீஸையும் (ஆப்பிரிக்காவிலும் அதற்கு வெளியிலும் வாழும் கறுப்பின மக்களைப் பற்றிய படிப்பு) சேர்த்து, ‘ஆப்பிரிக்க நாட்டுக் கலாசாரப் படிப்பு, வேலைக்கு உதவாது’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். அந்த வரியைக் கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில் இரண்டு வருடத்துக்கு முன்னால் நானே என் வீட்டில் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் மகள் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் ஒரு சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் படிக்கிறாள். பொருளாதாரம் படிக்கத்தான் போனாள். அந்த மாதிரிக் கல்லூரிகளில் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் முதன்மைப் பாடம் எது என்று சொன்னால் போதும். அதுவரை எந்தத் துறை வகுப்பிலும் உட்கார்ந்து பார்க்கலாம். அப்படி உட்கார்ந்த இடத்தில், பொருளாதாரத்தோடு ஆப்பிரிக்கானா ஸ்டடீஸையும் இரண்டாவது முதன்மைப் பாடமாக எடுத்துக்கொண்டுவிட்டாள். போனில் சொன்னபோது நான் கத்தினேன். (கட்டண விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அங்கே பல கல்லூரிகளில் ஆண்டுச் செலவு 80,000 டாலரைத் தாண்டுகிறது. கல்லூரியே பெரும்பகுதி உதவித்தொகை கொடுத்திருக்காவிட்டால் நான் இந்தக் கடிதம் எழுதும் நிலையில் இருந்திருக்க மாட்டேன்.)

நான் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்தே ஓய்வுபெற்றவன். முப்பது வருடத்துக்கு மேல் பேரேடும் ரொக்கப் புத்தகமும் பச்சை மையும்தான் வாழ்க்கை. அது தெரிந்துதான், சண்டை ஓய்ந்த ஒரு மாதம் கழித்து, அவள் வகுப்பில் பார்த்த சில பக்கங்களின் படத்தை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். “அப்பா, இது உங்க டிபார்ட்மென்ட். என்னன்னு பாத்துச் சொல்லுங்க.”

அடிமைகளை வைத்து வேலை வாங்கிய அமெரிக்கத் தெற்கின் பருத்தித் தோட்டங்களுக்கென்றே அச்சடித்த கணக்குப் புத்தகம் அது. 1840களின் கடைசியிலிருந்து தாமஸ் ஆஃப்லெக் என்பவர் இப்படி ஒரு புத்தகத்தைத் தயாரித்து விற்றிருக்கிறார். நம் ஊரில் ரெடிமேடாகக் கிடைக்கும் ரெஜிஸ்டர் மாதிரி, கட்டம் போட்டு, தலைப்பு அச்சடித்து, நிரப்ப வேண்டியதுதான் பாக்கி. ஒரு படிவத்தில் ஆட்களின் பெயர். திங்கள் முதல் சனி வரை ஒவ்வொருவரும் அன்றன்று பறித்த பருத்தி எத்தனை பவுண்டு என்ற கணக்கு. இன்னொரு படிவத்தில் அதே பெயர்கள். பக்கத்தில் வயது, ஆண்டுத் தொடக்கத்தில் மதிப்பு, ஆண்டு இறுதியில் மதிப்பு. கால்நடைகளுக்கும் கருவிகளுக்கும் தனித்தனி இருப்புப் பட்டியல், அதே புத்தகத்தில்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. தொடக்க இருப்பு, இறுதி இருப்பு, வித்தியாசம் கூடினால் லாபம், குறைந்தால் தேய்மானம். லாரிக்கும் தராசுக்கும் நான் போட்ட அதே கணக்கு. இளவயதுப் பையன்களுக்கு வருடக் கடைசியில் மதிப்பு ஏறியிருந்தது. வயதானவர்களுக்கு இறங்கியிருந்தது. ஒரு மூதாட்டியின் பெயருக்கு நேரே பூஜ்யம். ஒரு பெண்ணின் பருத்தி எடை வாரா வாரம் குறைந்துகொண்டே வந்து, அப்புறம் சில நாட்கள் கட்டம் காலி. ஏன் என்று மகள் கேட்டாள். உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கும் என்றேன். “ஆண்டு இறுதிப் பட்டியலைப் பாருங்கப்பா” என்றாள். அங்கே புதிதாக ஒரு பெயர் சேர்ந்திருந்தது. கைக்குழந்தை. அதற்கும் டாலரில் ஒரு மதிப்பு.

கூட்டிப் பார்த்தேன், பழக்கதோஷம். கூட்டல் சரியாக இருந்தது. அடித்தல் திருத்தல் கிடையாது. அந்தக் காலத்தில் அந்த ஊரில் நான் தணிக்கைக்குப் போயிருந்தால், ஒவ்வொரு வரியிலும் டிக் அடித்து, கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, அவர்கள் கொடுத்த காபியையும் குடித்துவிட்டு வந்திருப்பேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

கட்டுரையாளர் ‘கலாசாரப் படிப்பு’ என்கிறாரே, மகளின் வகுப்பில் நடப்பது இதுதான். பன்னிரண்டு, பதினான்கு பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து இப்படி ஒரு பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, இதை யார், யாருக்காக எழுதினார்கள், எழுதாமல் விட்டது என்ன என்று மூன்று மணி நேரம் பிய்த்து மேய்கிறார்கள். நானும் தணிக்கை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன், அந்தக் கடைசிக் கேள்வியை ஒருநாளும் கேட்டதில்லை.

அடுத்து, ‘ஆப்பிரிக்க நாடு’. அப்படி ஒரு நாடு இல்லை. ஐ.நா. சபையில் உறுப்பினராக உள்ள ஆப்பிரிக்க நாடுகளே 54. ஆப்பிரிக்கானா என்ற பெயர், ஆப்பிரிக்காவையும், அங்கிருந்து கடல் கடந்து கொண்டுபோகப்பட்டவர்களின் சந்ததி வாழும் கரீபியத் தீவுகள், பிரேசில், அமெரிக்கா எல்லாவற்றையும் சேர்த்துத்தான். கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1969இல் தொடங்கிய மையத்துக்கு அந்தப் பெயரை வைத்தவர் அதன் முதல் இயக்குநர் ஜேம்ஸ் டர்னர். இந்தப் படிப்பும் யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துக் கொடுத்ததல்ல. 1968 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரி மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்து, அடி வாங்கி, கைதாகி, அடுத்த மார்ச் வரை போராடித்தான் கறுப்பினவியலுக்கு முதல் துறை வந்தது. 1969 ஏப்ரலில் கார்னெலில் கட்டடத்தைக் கைப்பற்றினார்கள். அதே ஆண்டு அக்டோபரில், லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியான வாசரில், 34 கறுப்பின மாணவிகள் பிரதானக் கட்டடத்தில் புகுந்து உட்கார்ந்துவிட்டார்கள். ‘இந்தப் பாடம் வேண்டும்’ என்று எந்த ஊரிலாவது மாணவர்கள் கட்டடத்தைப் பிடித்து நான் கேள்விப்பட்டதில்லை. வேண்டாம் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன்.

உதவாத படிப்பென்றால் ஃப்ளோரிடா மாநில அரசு 2023 ஜனவரியில், பள்ளி மாணவர்களுக்கான ஆப்பிரிக்க அமெரிக்கவியல் பாடத்தை வேண்டாம் என்று நிராகரிப்பானேன்? உதவாததை யாரும் அவ்வளவு மெனக்கெட்டு நிறுத்துவதில்லை.

நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று என் மைத்துனர் கேட்டார். அம்பேத்கர் 1946இல் டுபாய்ஸுக்கு எழுதிய கடிதத்தைக் காட்டினேன். ஹார்வர்டில் 1895இல் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் டுபாய்ஸ். கறுப்பின மக்கள் சார்பில் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் நகல் கிடைக்குமா, எங்கள் மக்களுக்கும் அப்படிச் செய்யலாமா என்று யோசிக்கிறேன் என்று அம்பேத்கர் கேட்கிறார். டுபாய்ஸும் பதில் போட்டிருக்கிறார். இரண்டு கடிதங்களும் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. மைத்துனர் அப்புறம் பேசவில்லை.

கசப்பான சங்கதியும் உண்டு. கானா பல்கலைக்கழகத்தில் 2016இல் திறந்த காந்தி சிலையை 2018 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் இருந்த ஆரம்ப காலத்தில் அங்குள்ள கறுப்பின மக்களைப் பற்றி அவர் எழுதியதுதான் காரணம். இது வகுப்பில் விவாதத்துக்கு வந்த அன்று, இருந்த ஒரே இந்தியப் பெண் என் மகள். எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்களாம். எனக்குக் கோபம் வந்தது. காந்தி படம் மாட்டிய வீடு எங்களுடையது. காந்தி நூல் தொகுப்பை எடுத்துப் பார்த்தேன். அவர்கள் சொன்னது இருந்தது. படம் இன்னும் சுவரில்தான் இருக்கிறது. ஆனால் மகளிடம் ‘அப்படியெல்லாம் சொல்லியிருக்க மாட்டார்’ என்று இனி சொல்ல முடியாது.

இப்போது ஆய்வுக் கட்டுரைக்காக, இந்தியாவிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கூலிகளை ஏற்றிப்போன கப்பல்களின் பட்டியல்களை எடுத்திருக்கிறாள். மெட்ராஸிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் கூலிகளாகப் போன 342 பேர் 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் போய்ச் சேர்ந்தார்கள். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு, மச்சம் என்று வரி வரியாக எழுதி வைத்திருக்கிறார்கள். “நம்மவர்களும் அடிமைகள்தானே என்று எழுது” என்றேன். முதல் வரைவில் அப்படித்தான் எழுதியிருந்தாளாம். பேராசிரியர் ஓரத்தில் கோடு போட்டு, இரண்டும் ஒன்று என்று எந்த ஆவணத்தை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்டிருக்கிறார். அப்புறம் பருத்திக் கணக்கையும் கப்பல் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கப்பல் பட்டியலில் கொடுமைக்குக் குறைவில்லை. ஆனால் அவர்களுடைய ஒப்பந்தத்தில் இத்தனை வருடம், முதல் வருடம் மாதம் பத்து ஷில்லிங் கூலி என்று முடிவும் சம்பளமும் இருக்கின்றன. ‘மதிப்பு’ என்ற கட்டம் இல்லை.

வேலை கிடைக்குமா என்று கேட்பீர்கள். தெரியாது. அவள் வகுப்பில் பாதிப் பேர் சட்டம் படிக்கப் போகிறார்கள், சிலர் பொதுச் சுகாதாரம். என் மகள் இன்னும் முடிவு செய்யவில்லை. எனக்கும் உள்ளூர உதைப்பு இருக்கத்தான் செய்கிறது. அதற்காக உங்கள் கட்டுரையாளரோடு நான் சண்டைக்கு வரவில்லை. ‘ஆப்பிரிக்க நாட்டுக் கலாசாரப் படிப்பு’ என்ற அந்த வரியை மட்டும் அடுத்த இதழில் திருத்திப் போடுங்கள். மூலையில் சின்னப் பெட்டிச் செய்தியாக வந்தாலும் போதும், நறுக்கி மகளுக்கு அனுப்பிவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தணிக்கையாளர் ஒருவர்,
கும்பகோணம்