பெரிய மரங்களுக்குத் தண்ணீர் வேண்டாமாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரைப் பூங்காக்களில் மரங்கள் காய்வது பற்றித் தாங்கள் வெளியிட்ட செய்தியில், பெயர் குறிப்பிடாத பொறுப்பாளர் ஒருவர், "கன்றுகளுக்கு ஊற்றினால் போதும், பெரிய மரங்கள் ஆழத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்" என்று திருவாய் மலர்ந்திருந்தார். தாங்களும் மறுபேச்சின்றி அச்சேற்றிவிட்டீர்கள். விவரம் தெரிந்த ஆசிரியர் என்பதால்தான் மனசு கேட்காமல் எழுதுகிறேன்.

தண்ணீரை உறிஞ்சும் சல்லிவேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் ஒன்றரை அடிக்குள்தான் இருக்கிறது. அதுவும் உச்சிவெயிலில் விழும் நிழலின் ஓரத்திலும் அதற்கு வெளியேயும். அந்தச் செய்தியோடு வந்த படத்தில் ஊழியர் லாரிக் குழாயை அடிமரத்தில் பீய்ச்சுகிறார். தாகம் என்றவன் முதுகில் சொம்புத் தண்ணீரைக் கவிழ்ப்பது போலத்தான் இது. பட்டை ஊறும், வேர்மேல் மண் அரிக்கும். வெயிலில் இறுகிய மண் தண்ணீரை உள்ளே விடாமல் நடைபாதைக்குத் தள்ளிவிடும். படத்திலேயே ஓடுகிறது, பாருங்கள்.

அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு. நெஞ்சுயரத்தில் அடிமரத்தின் சுற்றளவை அளந்து மூன்றால் வகுத்தால் குறுக்களவு கிடைக்கும். அங்குலத்துக்கு 40 லிட்டர். சுற்றளவு 36 அங்குலம் என்றால் ஒரு தடவைக்கு 480 லிட்டர், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை. 6,000 லிட்டர் லாரி இப்படிப் பன்னிரண்டு மரங்களுக்குத்தான் காணும். அதே லாரியை நூறு மரங்களுக்கு நீட்டினால் தலைக்கு 60 லிட்டர். மண்ணின் மேல்தோல் நனையும், மறுநாள் காய்ந்துவிடும், பதிவேட்டில் மட்டும் நூறு மரம் ஏறும்.

நிழலோரத்தில் அரையடி உயரத்துக்கு வட்டமாக வரப்பு கட்டி, உள்ளே இரண்டு அங்குலத்துக்கு மேல் போகாமல் லேசாகக் கொத்திவிட வேண்டும். ஆழமாகக் கொத்தினால் சல்லிவேர் அறுந்துவிடும். மாலை வெயில் இறங்கியபின் குழாயைத் தணித்துவிட்டு, ஒரு தடவை நிரப்பி, வற்றியதும் மறுபடி நிரப்பணும். மறுநாள் காலை ஒரு நீளக் கம்பியை அழுத்திப் பார்க்கலாம். ஒன்றரை அடி சுலபமாக இறங்கினால் சரி. நாலு அங்குலத்தில் நின்றால் முந்தின நாள் வேலை வீண். இதற்கெல்லாம் நிபுணர் குழு தேவையில்லை, கம்பி ஒன்று போதும்.

மண்ணின் மேல் சருகு போன்ற மூடாக்கு இல்லாவிட்டால் இந்தத் தண்ணீரும் வெயிலுக்குத்தான். சருகை மூன்று அங்குலம் பரப்பலாம். அடிமரத்திலிருந்து அரையடி தள்ளியே இருக்கட்டும், ஒட்டினால் பட்டை அழுகும், கரையானும் ஏறும். ஆனால் நம் பூங்காக்களில்தான் சருகைக் கண்டால் ஆகாதே! பெருக்கி, மூலையில் குவித்து, கொளுத்தினால்தான் 'தூய்மை'.

பேச்சு வந்ததால் சொல்கிறேன். அடிமரம்வரை பேவர் கல் பதிப்பதை என்று நிறுத்தப் போகிறார்கள்? மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குச் சிமென்ட் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் டெல்லிக்கு உத்தரவிட்டது 2013-இல். நம் மரங்களுக்கு மட்டும் மூச்சு வேண்டாமா? விளம்பரத் தகட்டுக்கு ஆணி, விழாவுக்குச் சீரியல் பல்பு, கேபிளுக்குக் குழி தோண்டும்போது வேரோடு வெட்டு, அக்னி நட்சத்திரத்தில் கிளை கழிப்பு. வாடிய மரத்துக்கு யூரியா போடுகிற புண்ணியவான்களும் உண்டு. ஈரமில்லாத மண்ணில் உப்பு ஏறி, இருக்கிற வேரும் கருகுவதுதான் மிச்சம். நடுவெயிலில் கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் பிரமுகர்களைப் பற்றி எழுத இந்த இடம் போதாது.

குடிக்கவே தண்ணீர் இல்லை என்பார்கள். நியாயம்தான். அப்படியானால் புல்தரைக்குத் தினமும் எதற்குத் தெளிப்பான்? புல் கருகினாலும் மழைக்குத் துளிர்க்கும், நாற்பது வருட வாகை திரும்ப வராது. அவனியாபுரத்திலும் சக்கிமங்கலத்திலும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. அந்த நீரை லாரியில் கொண்டுவந்து மரங்களுக்கு விடலாம். உப்பு இருந்தால் தினமும் கொஞ்சம் தெளிக்காமல் ஒரேயடியாக ஆழ நனைக்க வேண்டும், உப்பு வேருக்குக் கீழே இறங்கிவிடும். அதுவும் போதாதென்றால் முதலில் மூன்று வயதுக்குட்பட்ட கன்றுகள், அடுத்து ஆற்றங்கரை மரங்களான மருதமும் நாவலும். வேம்பும் புங்கனும் கொஞ்சம் பொறுக்கும். மாசியில் வேம்பு இலை கொட்டுவது இயல்பு, அதற்குப் பதற வேண்டாம். ஆனியில் பச்சை இலையாகக் கொட்டினால்தான் ஆபத்து.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்தச் செய்தி வந்த அதே பக்கத்தில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். அடுத்த முறை தங்கள் புகைப்படக்காரர் பூங்காவுக்குப் போனால், படம் எடுக்கும் முன் அந்தக் குழாயை நிழலோரத்துக்குத் தள்ளிப் பிடிக்கச் சொன்னால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மதுரை